ஓட்டையை அடைத்த பிறகு

அக்கா கதவைத் திறந்தபோது வெளியே நல்ல வெயில். உள்ளே திரைச்சீலைகள் இழுத்துவிடப்பட்டு, காற்றுப் புகாத அறையின் புழுக்க வாடை அடித்தது. அத்தான் இறந்த நாளிலிருந்து அவள் அழுவதுமில்லை, சிரிப்பதுமில்லை. "வந்துட்டியா," என்றாள், வழி தவறி வந்தவனிடம் கேட்பது போல.

தம்பிக்குக் கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனத்தில் வேலை. அக்கா வீட்டில் இருக்கும் வைஃபை பெட்டியில் பெரிய ஓட்டை இருப்பது அன்று காலைதான் அவனுக்குத் தெரியவந்தது. அதன் வழியே எவன் வேண்டுமானாலும் புகுந்து கேமராவைத் திறக்கலாம். படம், குரல் என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகலாம். கேமரா இருந்ததோ ஒன்றாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகளின் அறையில்.

"அந்தக் கேமராவுல தினமும் பச்சை லைட் தானா எரியுதுடா," என்றாள் அக்கா, அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு. "உன் அத்தான்தான். பிள்ளையப் பாத்துட்டுப் போறாரு. அடைக்காத."

"செத்தவங்களுக்கு எதுக்குக்கா வைஃபை?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்காவுக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் அவனுக்கு வலித்தது.

யானைக்கும் அடி சறுக்கும். ஓட்டையை அடைக்கும் முன், ஏற்கெனவே யாராவது உள்ளே புகுந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அலுவலகத்தில் புதியவர்களுக்கு அவனே சொல்லித்தரும் பாடம் அது. பதற்றத்தில் அவனே அதை மறந்தான். புதிய மென்பொருளை ஏற்றினான், கடவுச்சொல்லை மாற்றினான்.

"இனிமே ஒரு ஈ காக்கா உள்ள வர முடியாதுக்கா."

அவன் கொண்டுவந்த மடிக்கணினியில் வரிகள் ஓடத் தொடங்கின. வெளியிலிருந்து யாரோ நுழையப் பார்க்கிறார்கள். மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டது.

அவனுக்குத் திருப்தியாக இருந்தது.

அப்போது குழந்தையின் அறையில் கேமரா மெல்லத் திரும்பும் ஓசை கேட்டது. போய்ப் பார்த்தான். பச்சை விளக்கு எரிந்தது.

வயரைப் பிடுங்கினான்.

விளக்கு அணையவில்லை.

கூடத்துக்கு ஓடி வந்தவனின் சட்டையை, அங்கே நின்றிருந்த குழந்தை பின்னாலிருந்து பிடித்தாள். "மாமா, அப்பாவ ஏன் வெளிய நிக்க வச்சுட்டீங்க?" என்று கிசுகிசுத்தாள்.

அவன் அவள் முன் குனிந்தான். "அப்போ உள்ள இருக்கறது யாரு கண்ணு?"

"தெரியாது. அப்பா வந்து விரட்டினாதான் அது போகும்."

"தெறந்து விடுடா," என்றாள் அக்கா, அதே வறண்ட குரலில்.

சற்று முன் தான் வைத்த கடவுச்சொல்லையே தட்டினான். தவறு என்றது பெட்டி. யாரோ அதை மாற்றியிருந்தார்கள், இந்த வீட்டுக்குள்ளிருந்தே.

திரையில் இன்னும் ஒரு முறை 'மறுக்கப்பட்டது' என்று வந்தது. பிறகு வரிகள் நின்றுவிட்டன.

"அப்பா போயிட்டாரு," என்றாள் குழந்தை.

அறைக்குள்ளிருந்து ஒரு குரல் அவளைச் செல்லமாகக் கூப்பிட்டது.

அக்காவின் குரல்.

அத்தான் இருந்த நாட்களில் அவள் பேசுவாளே, அந்தக் குரல். சிரிப்பும் பாசமுமாக. அக்காவோ அவன் பக்கத்தில் வாய் திறக்காமல் நின்றிருந்தாள்.

குழந்தையின் முகம் மலர்ந்தது. அவன் சட்டையிலிருந்து கையை எடுத்தாள்.

"அம்மா கூப்பிடுறாங்க."

"நான் இங்கதான்டி இருக்கேன்," என்றாள் அக்கா.

குழந்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.