பதினோராம் நாள் காற்று

காலை ஏழு மணிக்குத் தவழ ஆரம்பித்தால் மதியத்துக்குள் நான்கு மாடிக் காற்றுக்குழாயை உள்ளிருந்தே துடைத்துவிடுவேன். எங்கள் அடுக்ககத்தில் சன்னல் கிடையாது. வெளிக்காற்று நஞ்சாகி நாற்பது வருடமாகிறது. நூற்றிருபது மாடிக்கும் ஒரே காற்றுதான்; இந்தத் தகரக் குழாய்களில் சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே படுத்துக் கண்ணை மூடினால் யார் வீட்டுச் சாம்பிராணியோ, யாருடைய கொட்டாவியோ முகத்தைத் தடவிப் போகும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

ஒரு வீட்டிலிருந்து புறப்பட்ட காற்று அதே வீட்டுக்குத் திரும்பிவரப் பதினொரு நாள். அதனால் இங்கே ஒருவர் இறந்தால், பதினோராம் நாள் அதே நேரத்துக்கு வீட்டார் காற்று வரும் கிராதிக்குக் கீழே பாய் விரித்து உட்காருவார்கள். கடைசி மூச்சு ஒரேயொரு முறை வீடு திரும்பும். பிறகு எல்லாரோடும் கலந்துவிடும். விஞ்ஞானம் என்ன சொன்னால் எனக்கென்ன? என் அப்பாவுக்காக நானும் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

போன மாதம் ஐம்பதாம் மாடியில் குழாயில் காற்றை மறித்துத் துருவேறி மூடிக்கிடந்த தடுப்பு மடல் ஒன்றைத் திறந்துவிட்டேன். காற்று ஜோராக ஓடியது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. சுற்று ஒன்பது நாளாகச் சுருங்கியதைக் கூறுகெட்டவள் நான் கவனிக்கவே இல்லை. இன்று காலை காற்றோட்ட அளவுமானியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பிலோமினா அக்காவின் கணவர் ஞானசெல்வத்துக்கு இன்றுதான் பதினோராம் நாள்.

அவர் உயிர் பிரிந்தது மதியம் மூன்று மணிக்கு; அதற்குச் சற்று முன்னால் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா தலைக்குக் குளித்து, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், பாயில் தனியாக உட்கார்ந்திருந்தார். வாயை மூடிக்கொண்டு திரும்பியிருந்தால் அவருக்குத் தெரியப்போவதில்லை. வெறுங்காற்றுக்காக அவர் முகம் நிமிர்ந்திருந்ததைப் பார்க்க என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லி, நாளைக்கே மடலை மூடிவிடுகிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்போ அவரு வந்தது முந்தாநாளு மூணு மணிக்கா?”

“ஆமாக்கா.”

அக்கா கிராதியை நிமிர்ந்து பார்த்தார். கணவர் போனதிலிருந்து அன்றைக்கு அந்த நேரத்தில்தான் முதல்முதலாக இந்தப் பாயிலேயே கண்ணயர்ந்ததாகச் சொன்னார். பிறகு சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

“மடல மூடாத இசக்கி. இனிமே எல்லாரையும் ஒம்பதாம் நாளு உக்காரச் சொல்லு. முப்பது வருசத்துல ஒரு நாளாவது சொன்ன நேரத்துக்கு வந்திருப்பாரா அந்த மனுசன்? இப்ப ரெண்டு நாளு முன்னாடியே வந்திருக்காரு. நான் தூங்கியிருக்கேன்.”