மத்தியான ஓனரம்மா

மாங்காட்டுல அந்த வீட்டைப் பார்க்கப் போன அன்னிக்கு செவ்வாய்க்கிழமை. அம்மன் கோயிலுக்கு வந்த கூட்டத்துல ஷேர் ஆட்டோ நகரவே இல்ல. நானும் என் வீட்டுக்காரர் மோகனும் பாதி வழியில இறங்கி நடந்தோம். புரோக்கர் லோகநாதன் வாசல் கேட் பக்கத்துல நின்னு கையாட்டினார்.

"இன்னாமா, இவ்ளோ லேட்டா வர்றீங்க? நாலு பேரு இந்த ஊட்ட கேட்டுகினு கீறாங்க. உங்களுக்காவ நிறுத்தி வெச்சிகீறேன்."

பழைய தளம் போட்ட வீடு. ஒரு ஹால், ரெண்டு ரூம், சமையல்கட்டு, பின்னால துணி துவைக்கற கல்லு. கதவைத் திறந்ததும் ரொம்ப நாள் பூட்டி வெச்ச நாத்தம் குப்புனு அடிச்சது. ஈர சுவரும் எலிப்புழுக்கையும் கலந்த நாத்தம். உள் ரூம்ல பட்டப்பகல்லயே லைட் போடணும். மோகன் மூக்கைப் பொத்திக்கிட்டு திரும்பி நடந்தார். நான் மட்டும் ஹால் சுவத்தைத் தடவிக்கிட்டே நின்னேன். ஜில்லுன்னு இருந்தது. அந்த நிமிஷமே எனக்குப் புடிச்சுப் போச்சு.

உண்மையைச் சொல்லிடறேன், ஒளிச்சு என்ன ஆகப்போகுது. எனக்குப் புடிச்சது வீடு இல்ல. என் ஓரகத்தி ராதிகாவோட மூஞ்சி எப்படிப் போகும்னு நினைச்சுப் பார்த்தேன் பாருங்க, அதுதான் புடிச்சது. ராதிகா மோகனோட அண்ணன் பொண்டாட்டி. அம்பத்தூர்ல மூணு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கா. கல்யாணமோ காதுகுத்தோ, எங்க பார்த்தாலும் "என் டெனன்ட்டு, என் டெனன்ட்டு"ன்னு ஒரே பேச்சு. நான் பதினெட்டு வருஷமா ஆவடியில ரெண்டாவது மாடி வாடகை வீட்டுல, மோட்டார் போடக்கூட ஓனரம்மாவைக் கேட்டுக்கிட்டு இருக்கறவ. எனக்கு வயிறு எரியலைன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும்.

நகையை வித்து, லோன் போட்டு வாங்கிட்டோம். பழைய ஓனர் பேரு அன்னம்மாள். வயசானவங்க. ரெஜிஸ்டர் ஆபீசுல ஒரே ஒரு வாட்டி பார்த்தேன், பேசக்கூட இல்ல. கையெழுத்துப் போடும்போது அழுதுச்சு அந்தம்மா.

பால் காய்ச்ச நாள் பார்க்கலாம்னு ஆசையா உட்கார்ந்தேன். அதுக்குள்ள ராதிகா போன்.

"சுலோ, நீ போய் குடி உட்கார்ந்துக்கிட்டா லோனை யாருடி கட்டுவா? வாடகைக்கு விடு. கார்த்திகை முடிய இன்னும் மூணு நாள்தான் இருக்கு. மார்கழி பொறந்துட்டா ஒருத்தனும் குடி வரமாட்டான்."

"நான் முதல்ல பால் காய்ச்சிடறேன் அக்கா."

"வர்றவங்க காய்ச்சட்டும். பால் பால்தானே? அப்புறம் இன்னொண்ணு. சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு முதல் நாளே கறாரா சொல்லிடு."

புதுசா வீடு வாங்கி வாடகைக்கு விடப்போறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். பட்டா பாருங்க, வில்லங்கம் பாருங்க, வர்றவங்க ஆதார் கார்டை வாங்கி வெச்சுக்குங்க. அதெல்லாம் எல்லாரும் சொல்வாங்க. யாரும் சொல்லாததை நான் சொல்றேன். சாவியைக் கைமாத்தறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் பாலாவது உங்க கையால அந்த வீட்டுல காய்ச்சிடுங்க. நான் காய்ச்சலை.

குடி வந்தவங்க சரணும் வித்யாவும். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துலேர்ந்து வந்த சின்னஞ்சிறுசுங்க, ரெண்டு பேரும் ஐடி. சரண் ஆபீஸ் போவான், வித்யாவுக்கு வீட்டுலயே வேலை. அந்தப் பொண்ணு அடுப்புல பால் வெச்சது. பொங்கி வழிஞ்சப்போ ரெண்டும் கையைக் கோத்துக்கிட்டு சிரிச்சதுங்க. என் அடுப்புமேடை, என் வீடு, நான் ஒரு ஓரமா நிக்கறேன்.

"மொத டம்ளர் ஓனரம்மாவுக்குத்தானுங்க"ன்னு வித்யா நீட்டினா.

ஒரு வாய் குடிச்சேன். நல்லா இருங்கன்னு சொல்லணும், அதுதான் முறை. எனக்கு வாயில வரலை. "சுவத்துல ஆணி அடிக்காதீங்க"ன்னு சொன்னேன்.

அதுக்கப்புறம் ஏதாவது சாக்கு வெச்சுக்கிட்டு வாரத்துக்கு ஒருவாட்டி மாங்காடு போவேன். ஒவ்வொரு தடவையும் வீடு அழகாகிக்கிட்டே போச்சு. மஞ்சள் திரை, ஜன்னல்ல மணி பிளான்ட், உள் ரூம்ல கூட பளிச்சுனு விளக்கு. நாத்தம் போய் சாம்பிராணி மணந்தது. என் வீட்டு வாசல்ல நானே செருப்பைக் கழட்டிட்டு, "வரலாமாம்மா?"ன்னு கேட்டுட்டு நுழையணும். ஒருநாள் ஹால்ல அவங்க கல்யாண போட்டோ மாட்டியிருந்தது. ஆணி அடிச்சு.

நான் ஒண்ணும் கேக்கலை. கேட்டிருந்தா தேவலை. உள்ளயே வெச்சுப் புழுங்கிக்கிட்டு ஆவடி வந்து சேர்ந்தேன். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவளுக்கு அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம். கனவுல நான் மாங்காட்டு வீட்டுல நடந்துக்கிட்டிருக்கேன். யாரும் வரலாமான்னு கேக்கச் சொல்லலை. சுகமா இருந்தது.

எழுந்தப்போ விரல் நுனியெல்லாம் எரிஞ்சது. நகக்கண்ணுல வெள்ளையா சுண்ணாம்பு. கோலமாவுன்னு நினைச்சுக் கழுவிட்டேன்.

சாயங்காலம் வித்யா போன் பண்ணினா. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரே ஒரு ஆணி அடிச்சிருந்தோமுங்க. அது தானா கழண்டு கீழ கெடக்குது. போட்டோ செவுத்தைப் பார்த்துத் திரும்பி நிக்குதுங்க."

"பழைய சுவரும்மா, பிடிக்காது"ன்னேன். மனசுக்குள்ள ஒரு சந்தோஷம். வேணும் உனக்குன்னு.

அடுத்த பத்து நாள்ல திரை கிழிஞ்சது. மணி பிளான்ட் வேரோட வெளியில கிடந்தது. எல்லாம் மத்தியானம் ரெண்டுலேர்ந்து மூணுக்குள்ள. அப்புறம் ஒருநாள் வித்யா குரலைத் தாழ்த்திக்கிட்டுப் பேசினா.

"யாரோ வர்றாங்கக்கா. கதவு பூட்டித்தான் இருக்குது. ஹால்ல ஒரு பொம்பள, முதுகைக் காட்டிக்கிட்டு, செவுத்தைத் தடவிக்கிட்டே போறாங்க. ஏதோ முனகறாங்க. காது குடுத்துக் கேட்டனுங்க. என் வீடு, என் வீடுன்னு சொல்றாங்க."

எனக்கு உடனே தோணிச்சு. அன்னம்மாள்தான். செத்துப்போயிருக்கும் அந்தக் கிழவி, வித்த வீட்டை விட மனசில்லாம சுத்துது. இவங்க காலி பண்ணிட்டா லோன் கட்ட வழியில்ல, வீடு பேங்குக்குப் போயிடும். ராதிகா முன்னாடி நான் எப்படி நிப்பேன்? ஆத்திரத்துல லோகநாதனுக்குப் போன் போட்டேன்.

"ஏன்யா, அந்தம்மா செத்ததை ஏன் எங்ககிட்ட சொல்லலை?"

"யாரு, அன்னம்மாளா? இன்னாமா நீங்க. திருவள்ளூர்ல பையன் ஊட்ல குத்துக்கல்லாட்டம் கீது. நேத்துகூட என்னாண்ட பேசுச்சு. மகராசி வாங்கினா, நல்லா இருக்கட்டும்னு உங்களைத்தான் வாழ்த்துச்சு."

போனை வெச்சிட்டு யோசிச்சேன். அன்னம்மாளுக்கு முன்னாடி அந்த வீட்டுல யாரும் வாழ்ந்ததில்ல. மனையை வாங்கிக் கட்டினதே அன்னம்மாள்தான். அப்போ வர்றது யாரு?

மறுநாள் காலையில மாங்காடு போனேன். வித்யாவுக்குத் துணையா சாயங்காலம் வரைக்கும் இருக்கறேன்னு சொன்னேன். பாவம், என் கையைப் புடிச்சுக்கிட்டா. கண்ணுக்குக் கீழ கருவளையம். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

ரெண்டு மணி ஆச்சு. ஒண்ணும் வரலை. ரெண்டரை. தெருவுல ஒரு தண்ணி லாரி போன சத்தம், அப்புறம் அதுவும் இல்ல. வெயில் ஜன்னல் வழியா தரையில விழுந்து கிடந்தது.

"பார்த்தியா, ஒண்ணுமில்ல"ன்னேன்.

"நீங்க இருக்கறதாலதானுங்க தைரியம். சோர்ந்து தெரியறீங்க. சோபாவுல கொஞ்சம் சாயுங்கக்கா. நான் முழிச்சிட்டிருக்கேன்."

வேணாம்னு சொல்லத்தான் நினைச்சேன். கண்ணு தானா சொக்கிச்சு.

கனவுல உள் ரூம்ல நிக்கறேன். அவங்க பீரோவைத் திறந்து வித்யாவோட புடவையை ஒவ்வொண்ணா எடுத்துக் கீழ போடறேன். பட்டுப்புடவை, சுங்குடி, இன்னும் மடிப்புக் கலையாத ஒரு நீலம். எல்லாத்து மேலயும் ஏறி நிக்கறேன். நெஞ்சு குளுந்து போச்சு.

"அக்கா."

ரொம்பச் சின்ன குரல்.

"அக்கா, எந்திரிங்க."

கண்ணைத் திறந்தேன். வித்யா சோபா கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு தரையில உட்கார்ந்திருந்தா. உள் ரூம் கதவைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. மறுபடியும் கதவைப் பார்த்தா.

"நீங்க இங்கதானே படுத்திருக்கீங்க?"

"ஆமாம்மா."

"அப்ப அங்க நிக்கறது?"

உள் ரூம்ல லைட் அணைஞ்சிருந்தது. இருட்டுல ஒரு புடவைத் தலைப்பு மட்டும் நகர்ந்தது. நான் அன்னிக்கு கட்டியிருந்த அதே பச்சைப் புடவை. அது மெதுவா, பீரோவுக்குப் பின்னால போயிடுச்சு.

எழுந்து போய் லைட்டைப் போட்டேன். யாரும் இல்ல. அவ புடவை எல்லாம் தரையில கிடந்தது, மேல மிதிச்ச அடையாளத்தோட. அந்தக் கால் அளவைப் பார்க்க எனக்குத் தைரியம் வரலை.

வித்யா வாசல் கதவைத் திறந்து வெச்சிட்டு, சரண் வர்ற வரைக்கும் தெருவுல நின்னா. அந்த வாரமே காலி பண்ணிட்டாங்க. சாவியை என் கையில குடுக்கலை, லோகநாதன்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டாங்க. நான் அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு ரெண்டு தடவை போன் பண்ணினேன். எடுக்கலை.

மோகன்கிட்ட முழுசா சொல்லலை. சொன்னா நம்புவாரா? "வேற ஆளு பார்க்க வேணாங்க, நாமளே போயிடலாம். ஆவடி வாடகை மிச்சம், நான் ஏதாவது வேலைக்குப் போறேன், லோனை எப்படியாவது கட்டலாம்"னு கெஞ்சினேன். என் கணக்கு வேற. நானே அங்க இருந்துட்டா நான் யாரைப் பார்த்துப் பொறாமைப்படப் போறேன்? எனக்கு என்ன குறை இருக்கும்? அதோட எல்லாம் அடங்கிடும்னு நம்பினேன். சத்தியமா நம்பினேன்.

தை மாசம் நல்ல நாள் பார்த்துப் போனோம். என் கையால பால் காய்ச்சினேன். ராதிகா வந்திருந்தா, அவ மூஞ்சியைக்கூட நான் கவனிக்கலை. அவ்வளவு நிறைவா இருந்தது. எல்லாரும் போனதும் வீட்டை ஒருதரம் சுத்தி வந்தேன். பதினெட்டு வருஷம் கழிச்சு என் வீடு.

மூணாம் நாள் மோகன் வேலைக்குப் போயிட்டார். மத்தியானம் நான் படுக்கலை. நாற்காலியைப் போட்டு ஹால்ல நிமிர்ந்து உட்கார்ந்துக்கிட்டேன். தூங்காம இருந்தா போதும்னு நினைச்சேன்.

சுவத்துல விரல் உரசற சத்தம் கேட்டது.

நான் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன்.

உள் ரூம்லேர்ந்து அது வந்தது. சுவத்தைத் தடவிக்கிட்டே, ஒவ்வொரு மூலையா பார்த்துக்கிட்டே வந்தது. புதுசா வாங்கின என் மிக்ஸியைப் பார்த்தது. என் மணைப்பலகையைப் பார்த்தது. அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தது. என் முகம்தான். என் நெத்தித் தழும்புகூட இருந்தது. ஆனா என்னை யாருன்னே அதுக்குத் தெரியலை. சொந்த வீட்டுல எவளோ வந்து சொகுசா உட்கார்ந்திருக்காளேன்னு ஒரு எரிச்சல், அவ்வளவுதான் அந்தக் கண்ணுல.

குரலை உசத்தலை. மரியாதையாத்தான் கேட்டுச்சு.

"எப்பம்மா காலி பண்றீங்க?"

என் வீடு இதுன்னு சொல்லணும். ஆனா பதினெட்டு வருஷம் ஓனரம்மாக்கள் முன்னாடி நின்ன பழக்கம், கை தானா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கிச்சு.

"ஒரு மாசம் டைம் குடுங்கம்மா"ன்னேன்.

சரின்னு தலையாட்டிட்டு உள்ள போயிடுச்சு.

இது நடந்து மூணு வாரம் ஆகுது. நேத்து நான் காலையிலேயே கிளம்பி பூந்தமல்லியில தெரிஞ்சவங்க வீட்டுக்குப் போயிட்டு, இருட்டினப்புறம்தான் மோகனோட திரும்பினேன். இன்னிக்குக் காலையில தெரியாத நம்பர்லேர்ந்து ஒரு போன். பரந்தாமன்னு பேரு சொன்னார், நல்ல மனுஷன் மாதிரி இருந்தது.

"நேத்து மத்தியானம் வீட்டைச் சுத்திக் காட்டினீங்களேம்மா. என் சம்சாரத்துக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. இப்ப இருக்கறவங்க ஒரு வாரத்துல காலி பண்ணிடுவாங்கன்னு சொன்னீங்க. அட்வான்ஸ் குடுக்க எப்ப வரட்டும்?"