எழுத்துக் கூட்டும் சத்தம்

பள்ளிக்கூடம் திரும்பத் திறந்த திங்கட்கிழமை காலையில், ஆறே முக்காலுக்கே நான் போய்ச் சேர்ந்துவிட்டேன். பதுளை பஸ் நிற்கிற சந்தியிலிருந்து ஏறிப் போகவேண்டும். பாதி மலையில் பள்ளிக்கூடம், அதற்கு மேலே கன்னியர் மடம், அதற்கும் மேலே பனி. ஒரு வாரம் பூட்டிக் கிடந்த கட்டடம். கதவைத் திறந்ததும் சுண்ணாம்பும் ஈரச் சப்பாத்தும் கலந்த பழைய வாடை வந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. பூச்சாடித் தண்ணீரை நாலு நாள் மாற்றாமல் விட்டால் அழுகி ஒரு வாடை அடிக்குமே, அது.

வகுப்பு வகுப்பாகத் தேடினேன். ஒரு சாடிகூட இல்லை. இருந்ததையெல்லாம் பொலிஸ் எடுத்துப் போயிருந்தது.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் லேபர். கூட்டுவேன், கழுவுவேன், மணி அடிப்பேன், கேட்டைத் திறந்து பூட்டுவேன். முப்பத்தொரு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்து இடுப்பு விட்டுப்போன பிறகு, "கூடை தூக்க முடியாட்டி என்ன பெரியாயி, இங்க வாங்க" என்று கூப்பிட்டு வேலை கொடுத்தவர் அதிபர் சிஸ்டர் சுதர்ஷினி. வேலை மட்டுமில்லை. ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு எழுத்தும் கொடுத்தார். பிள்ளைகள் போன பிறகு இரண்டாம் வகுப்பில் என்னை உட்காரவைத்து, எழுத்துக்குக் கீழே விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டச் சொல்வார். நான் ஒரு வரி கூட்டி முடிப்பதற்குள் அவர் ஒரு செபமாலையே சொல்லி முடித்துவிடுவார். ஆனால் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பெண்களுக்கு நான் நல்ல பொழுதுபோக்கு. "என்னா டீச்சர், பஸ் போர்டெல்லாம் வாசிப்பீங்களா, இல்ல பஸ் போன பொறகுதான் வாசிப்பீங்களா?" என்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். ஆனாலும் பெருவிரலில் மை பூசிக்கொண்டு கைநாட்டு வைத்த காலம் போய்விட்டது என்று உள்ளுக்குள் ஒரு கர்வம்.

அந்தத் திங்கட்கிழமை ஒன்றரைக்குப் பிள்ளைகள் போனார்கள். கேட்டைப் பூட்டிவிட்டு வந்து கூட்ட ஆரம்பித்தேன். பனி ஜன்னல் வரைக்கும் இறங்கி நின்றது. பகலிலேயே விளக்குப் போடவேண்டிய இருட்டு.

இரண்டாம் வகுப்பிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"வி..."

யாரோ ஒரு பிள்ளை போகாமல் இருக்கிறது என்று நினைத்தேன்.

"து..."

விளக்குமாற்றை வைத்துவிட்டு நடந்தேன்.

"ர்... ஷா."

உள்ளே யாரும் இல்லை. கதிரைகளைக் கவிழ்த்து மேசைமேல் நான்தான் வைத்திருந்தேன். ஒன்று மட்டும் கீழே இருந்தது, யாரோ உட்கார இழுத்துப் போட்டதுபோல. அதன் பலகை நனைந்திருந்தது. மேசையில், குழந்தையின் விரல் அகலத்துக்கு, இடமிருந்து வலமாக ஓர் ஈரக்கோடு.

அது விதுர்ஷாவின் இடம்.

விதுர்ஷா செத்து அன்றைக்கு எட்டாம் நாள்.

ஏழு வயது. தனலெட்சுமியின் ஒரே பிள்ளை. தகப்பன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை. ஒக்டோபர் மாதாவுக்குரிய மாதம் என்பதால் கெபியில், மாதா சிலைக்கு முன்னால், தினமும் பூ வைப்பார்கள். போன திங்கட்கிழமை வீட்டுக்கு விடும் நேரத்தில் சிஸ்டர் அந்தப் பிள்ளையைத் தனியாக நிறுத்தி, மூன்று கண்ணாடிச் சாடிகளைக் கையில் கொடுத்து, "பின்னால தொட்டியில கழுவிட்டு வா" என்று அனுப்பினார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பின்னால் இருப்பது வெள்ளைக்காரன் காலத்துத் தண்ணீர்த் தொட்டி, ஆளுயரத்துக்கு மேல் ஆழம். மூடிய பலகை உக்கி இற்றுப்போனது சிஸ்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று இரவு முழுக்கத் தேயிலைக்குள்தான் தேடினார்கள்; மறுநாள் காலையில்தான் பிள்ளையைத் தொட்டியிலிருந்து எடுத்தார்கள். வேலியோரம் இருந்த தொட்டி. பிள்ளை வெளியே போய்விட்டுத் தேயிலைக்குள்ளால் திரும்பி வந்திருக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். யார் முதலில் சொன்னது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அன்று பத்து மணிக்கு சிஸ்டர் என்னை ஒஃபிசுக்குக் கூப்பிட்டார். கான்ஸ்டபிள் முஸ்தாக் நின்றார், இன்னும் இரண்டு டீச்சர்மார் நின்றார்கள். மேசைமேல் சிஸ்டர் கையால் எழுதிய ஒரு தாள்.

"நீங்க கேட்டுல நின்னதப் பத்தி ஒரு சின்ன விஷயம், பெரியாயி. வாசிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விரலை வைத்துக் கூட்ட ஆரம்பித்தால் அரை மணி நேரம் போகும். அதுவும் வாய்விட்டுத்தான் எனக்கு வரும். அந்தக் கூட்டத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

நான் வாசிப்பதுபோல நடித்தேன். கண்ணை மேலிருந்து கீழே மெதுவாக இறக்கினேன். படித்தவர்கள் ஒரு தாளுக்கு எவ்வளவு நேரம் எடுப்பார்களோ, அவ்வளவு நேரம். பிறகு அழகாகக் கையெழுத்துப் போட்டேன். "அட, நல்லா எழுதுறீங்களே" என்றார் முஸ்தாக்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் மரண விசாரணை நடந்தது. அப்போதுதான் அதைச் சத்தமாக வாசித்தார்கள்.

'விதுர்ஷா ஒன்றரை மணிக்குக் கேட்டைத் தாண்டித் தனியாகப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.'

அதற்குக் கீழே என் பெயர், பெரியாயி.

முன்வரிசையில் இருந்த தனலெட்சுமி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். அன்று கொழுந்து நிறுத்து முடியத் தாமதமாகி அவள் இரண்டே காலுக்குத்தான் வந்திருந்தாள். தாய் நேரத்துக்கு வராததால் பிள்ளை தனியாகப் போனது என்று விசாரணை முடிந்தது. நான் எழுந்து 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், வாசிக்காமல் போட்டேன் என்றும் சொல்லவேண்டும்.

நான் எழுந்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தக் குரல் "ஒ... ன்... ற... ரை" என்றது. அடுத்து "மணிக்கு" என்று கூட்டிவிட்டு நின்றது. புதன்கிழமை "கேட்டைத்" என்றது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிள்ளை நான் கையெழுத்துப் போட்ட தாளை வாசிக்கிறது.

நான் வாசிக்காததை அது வாசிக்கிறது.

வியாழன், "தாண்டித்." வெள்ளி, "தனியாகப்." அந்தச் சொல்லை இரண்டு தடவை கூட்டியது. மேசையில் ஈரக்கோடு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நீண்டது. துடைத்தால் போகும். திரும்பி வரும்போது இருக்கும்.

சனி, ஞாயிறு லயத்தில் படுத்தே கிடந்தேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். இன்னும் ஐந்து சொல். ஐந்து நாள். அதற்குப் பிறகு என் பெயர்.

என் பெயரைக் கூட்டி முடித்த பிறகு அது என்ன செய்யும்?

அடுத்த வாரம் புதன்கிழமை பொறுக்க முடியாமல் ஒஃபிசுக்குப் போனேன். சிஸ்டர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், அந்தப் புள்ள கேட்டத் தாண்டல. நீங்கதானே சாடி கழுவ அனுப்புனீங்க."

அவர் நிமிரவில்லை. "நீங்க வாசிச்சுத்தானே போட்டீங்க, பெரியாயி?"

"நான் வாசிக்கல சிஸ்டர்."

"எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்களே. வாசிக்க முடியலன்னா சொல்லியிருக்கலாம். நானே வாசிச்சுக் காட்டியிருப்பேன்." குரலில் கோபமே இல்லை. என்னை 'அ' எழுதவைத்த அதே குரல். "இப்பப் போய் மாத்திச் சொன்னா, பொய்ச் சாட்சின்னு ஒங்களத்தான் பிடிப்பாங்க. எனக்கு ஒங்கள நெனச்சாத்தான் பயமா இருக்கு."

அப்போதுதான் எனக்குள் ஏதோ அறுந்தது. நான் ஒரு வரி வாசிக்க எவ்வளவு நேரம் எடுப்பேன் என்று இந்த உலகத்தில் சரியாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். பக்கத்தில் இருந்து இரண்டு வருஷம் பார்த்தவர். அன்று என் கண் அந்தத் தாளில் கீழே இறங்கியபோது, நான் வாசிக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் பேனையை நீட்டினார்.

சுவருக்கு அந்தப்பக்கம், இரண்டாம் வகுப்பில், "எ... ன்" என்றது.

சிஸ்டரின் பேனை நின்றது.

"மழை" என்றார்.

வெளியே ஒரு துளிகூட விழவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டவே போகாமல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். குரல் அங்கேயே வந்தது. என் இடுப்பு உயரத்தில், மிகப் பக்கத்தில்.

"பா... ர்... த்... தே... ன்."

பூத்தண்ணீர் வாடை மூக்கை அடைத்தது. சிறிய மூச்சு ஒன்று உள்ளே இழுபட்டது. பிள்ளைகள் அடுத்த சொல்லுக்குப் போகுமுன் இழுப்பார்களே, அப்படி.

"பெ..."

நான் ஓடினேன். இடுப்பு வலியெல்லாம் தெரியவில்லை. கொழுந்து நிறுக்கிற மடுவம் வரைக்கும் ஓடினேன். தனலெட்சுமி சாக்கைத் தராசில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"தனம், அந்தத் தாள்ல இருக்கிறது பொய். நான் வாசிக்காமப் போட்டுட்டேன். புள்ள கேட்டத் தாண்டவே இல்ல. சிஸ்டர் சாடி கழுவ அனுப்புனாங்க."

அவள் சாக்கை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நிறுக்கிறவன் "அடுத்த ஆள்" என்று கத்தினான்.

"அவரு போன்ல என்ன கேட்டாருன்னு தெரியுமாக்கா? 'ஒரு நாளைக்கு நேரத்தோட போக முடியலையா ஒனக்கு'ன்னு கேட்டாரு. அதுக்குப் பொறகு பேசவே இல்ல." தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். "பன்னெண்டு நாளா நான்தான் கொன்னேன்னு படுத்திருக்கேன். நீங்க பக்கத்து லயத்துல தூங்குனீங்க."

"தூங்கல, தனம்."

"வாங்க" என்றாள். "அங்க வந்து சொல்லுங்க."

பொலிஸ் போஸ்டில் முஸ்தாக்தான் இருந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். இரண்டு தடவை "நல்லா யோசிச்சுச் சொல்றீங்களா?" என்று கேட்டார். எழுதி முடித்ததும் தாளை என் பக்கம் திருப்பினார்.

"கையெழுத்த வைங்க."

"வாசிக்கணும் சார்."

"நீங்க சொன்னதத்தானேம்மா எழுதியிருக்கேன்."

"இருக்கட்டும் சார். வாசிக்கணும்."

முதல் எழுத்துக்குக் கீழே விரலை வைத்தேன். வாய்விட்டுக் கூட்டினேன். முஸ்தாக் கொட்டாவி விட்டார், மணி பார்த்தார், தேத்தண்ணி வாங்கப் போகிறேன் என்று எழுந்து, போகாமல் உட்கார்ந்தார். எனக்கு வெட்கம் வரவில்லை. மூன்றாவது வரியில்தான் கவனித்தேன். நான் தனியாக வாசிக்கவில்லை. நான் ஓர் எழுத்தைச் சொல்லும்போது அதே எழுத்தை இன்னொரு வாயும் சொன்னது. முஸ்தாக்குக்குக் கேட்கவில்லை. தனலெட்சுமி மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கேட்டது.

கடைசி வரி முடிந்தது. நான் நிறுத்தினேன்.

அது நிறுத்தவில்லை.

எழுத்தே இல்லாத வெற்றிடத்தில், என் விரலுக்கு முன்னால், தாள் கொஞ்சம் கொஞ்சமாக நனைந்துகொண்டு போனது.

"பெ... ரி... ய... ம்... மா... வு... க்... கு..."

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான்.

"கே... ட்... ட... து."

எனக்குக் கேட்டது. ஆமாம். அன்று பிள்ளைகள் போனபின் பள்ளிக்கூடக் குசினிக்குள் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து கொப்பியில் என் பெயரை எழுதிப் பழகிக்கொண்டிருந்தேன். சாடி உடைகிற சத்தம் கேட்டது. பிறகு, "பெரியம்மா" என்று. இந்த வரியை முடித்துவிட்டுப் போவோம் என்று நினைத்தேன். ஒரே ஒரு வரி. நான் எழுதுகிற வேகத்துக்கு ஒரு வரி. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது சத்தம் இல்லை. சிஸ்டர் வந்து கூட்டிப் போயிருப்பார் என்று நானே சொல்லிக்கொண்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

முஸ்தாக்கிடம் பேனையை வாங்கினேன். அவர் எழுத்துக்குக் கீழே, என் கோணல் எழுத்தில், அதை நானே எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

தனலெட்சுமி எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எதிர்ப்பக்கம் இருந்து தலைகீழாகவே வாசித்துவிட்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் மிக மெதுவாகக் கேட்டாள்.

"எத்தன தடவ கூப்புட்டா?"

"ஒரு தடவ" என்றேன். "எனக்குக் கேட்டது ஒரே ஒரு தடவதான், தனம்."

முஸ்தாக் தாளை எடுத்துக் கோப்பில் வைத்தார். வெறும் மேசைப் பலகை தெரிந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில், அதன்மேல் ஒரு சின்ன ஈரக்கோடு விழுந்தது. நின்றவாக்கில், ஒன்று.

அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

தனலெட்சுமி உதட்டை அசைத்து எண்ண ஆரம்பித்தாள். கோடுகள் மேசையின் ஓரம் வரைக்கும் வந்தன. பிறகு அடுத்த வரிசையில் தொடங்கின.