அந்திப் போணி

கடையில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. ஆனாலும் கல்லாவில் இருந்த பெண், "வாங்க, நீங்கதான் இன்னிக்குப் போணி" என்றாள்.

ராஜரத்தினம் சிரித்து வைத்தார். பருப்புச் சந்தையில் தரகு பண்ணுகிறவர் அவர். பொய்யைக் கேட்டால் முதலில் சிரிப்பதும் பிறகு விலை கேட்பதும் தொழில் வழக்கம். காலையில் பத்துப் பேரிடம் ஒரே வாயால் "நீங்கதான் போணி" என்று சொல்லிச் சரக்கைத் தள்ளுகிறவர்களைப் பார்த்திருக்கிறார். அவரே தள்ளியும் இருக்கிறார். ஆனால் விளக்கு வைக்கும் நேரத்தில், கடை நிறைய ஆளை உட்காரவைத்துக்கொண்டு அதைச் சொல்வதற்குத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும்.

கறி அடைத்து அவித்த சீனப் பௌசி தின்ன அவர் வரவில்லை. மனைவியின் தம்பி உதயசூரியன், முந்தாநாள் சாயங்காலம் யாங்கோன் லத்தாப் பேட்டையில் இந்தச் சீனக் கடைக்கு வந்தவன், வீடு திரும்பவில்லை. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கும் இந்த ஊரில் இப்போது ஒரு வாலிபன் வீடு திரும்பவில்லை என்றால் யாரும் வாய்விட்டு எதுவும் கேட்பதில்லை. தெரிந்த ஆள், தெரியாத ஆள், வார்டு ஆபீஸ் என்று அலைந்து ஓய்ந்த பிறகு அவரிடம் மிஞ்சியது பையன் அக்காவுக்குச் செல்போனில் பேசி அனுப்பிய குரல் மட்டும்தான். "அக்கா, சூடா பௌசி வாங்கிட்டேன். ரெண்டு சொன்னாங்க, ஒண்ணுல முடிச்சிட்டேன். நான்தான் போணியாம்."

கரண்ட் போய் வெகுநேரமாகியிருந்தது. பக்கத்துக் கடைகளின் ஜெனரேட்டர்கள் தெருவையே கடகடவென்று அரைத்துக்கொண்டிருக்க, இந்தக் கடைக்குள் மட்டும் இரண்டு மெழுகுவர்த்திகளும், சுவரோரச் சாமிமாடத்தின் சிவப்பு விளக்கும், அடுக்கடுக்கான மூங்கில் தட்டுகளிலிருந்து எழும்பிக் கூரையில் முட்டி மெதுவாகக் கீழே இறங்கும் ஆவியும்தான் இருந்தன. பன்றிக் கொழுப்பும் அன்னாசிப்பூவும் ஊதுபத்தியும் சேர்ந்த பழைய வாசனை; அதற்கு அடியில், பிசைந்து மூடி வைத்து மறந்துபோன மாவின் புளிப்பு. வட்டமான பளிங்கு மேசைகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும், எதற்கோ சுவரையே பார்த்தபடி இருந்தார்கள். சுவர்க் கண்ணாடிகளில் ரசம் போய்விட்டதால் ஒரு முகமும் தெரியவில்லை. வெறும் முதுகுகள். பீங்கான் கோப்பை இடிக்கும் ஒலி இல்லை. மெல்லும் ஒலி இல்லை.

செல்போன் அதிர்ந்தது. சத்யபாமா.

"என்னங்க, இருக்கானா?"

"இப்பத்தான் நுழையறேன்."

"யாராவது பிடிச்சு வச்சுக்கிட்டுக் காசு கேட்டா, பேரம் பேசிக்கிட்டு நிக்காதீங்க. கேக்கறதக் குடுத்துட்டுக் கூட்டிட்டு வாங்க."

"உன் தம்பிய முழு விலைக்கு வாங்கினா சந்தையில சிரிப்பாங்க."

அவள் சிரிக்கவில்லை. "நாலு தெருதானே, நான் வரட்டுமா?" என்றாள். வேண்டாம் என்று வைத்துவிட்டார்.

கல்லாப் பெண் மூங்கில் தட்டைத் திறந்து பௌசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை வெளேரென்ற மாவுருண்டைகள். உச்சியில் மடிப்பு மடிப்பாகச் சுருட்டி மூடியிருந்தது. உள்ளே என்ன கறி என்று தெரிவதற்காக ஒவ்வொன்றின் மேலும் குச்சியால் சிவப்புப் பொட்டு வைத்தாள். அவளுடைய வயதைச் சொல்ல முடியவில்லை.

"அமா" என்று கூப்பிட்டார். பர்மியில் அமா என்றால் அக்கா. அம்மாவில் ஒரு 'ம்' குறைந்தால் வயதும் குறையும், பேரத்துக்கு நல்லது. "முந்தாநாள் ஒரு பையன் வந்தானே. நீலக் கட்டம் போட்ட லுங்கி, சிவப்புப் பந்தாட்டச் சட்டை."

அவள் குச்சியால் மூலையைக் காட்டினாள்.

அங்கேதான் இருந்தான். அதே சட்டை, அதே லுங்கி, சுவரைப் பார்த்து. ராஜரத்தினம் மேசைகளுக்கு நடுவே நுழைந்து அவன் பக்கத்தில் போய் நின்றார். அப்புறம்தான் கோபம் வந்தது.

"டேய் உதயா. அங்க உங்கக்கா சோறு தண்ணி இல்லாமக் கெடக்கா. நீ இங்க உக்காந்து டீ குடிக்கிறியா?"

அசையவில்லை. முன்னாலிருந்த தேநீரில் ஏடு படிந்திருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினார். சூடாக இருந்தது. காய்ச்சல் சூடு அல்ல, அடுப்பிலிருந்து இறக்கிய சூடு. கையை எடுத்தார். சட்டைக்கு மேலேயே அவருடைய விரல்கள் நாலும் பள்ளம் பள்ளமாகப் பதிந்திருந்தன.

பள்ளம் எழும்பவில்லை.

பின்கழுத்தில் ஒரு சிவப்புப் பொட்டு.

அடுத்த மேசை ஆளைப் பார்த்தார். அவருக்கும் ஒன்று. அதற்கடுத்த அம்மாளுக்கும். எல்லாக் கழுத்திலும்.

ஓடு என்றது உடம்பு. ஓடினால் வீட்டில் சத்யபாமா முகத்தைப் பார்க்க வேண்டும்.

"இவனை நான் கூட்டிட்டுப் போகணும்" என்றார். "என்ன கேக்கறீங்க?"

அவள் முதல் தடவையாக எழுந்து நின்றாள்.

"ரெண்டு."

லட்சமாகத்தான் இருக்கும். சந்தையில் ரெண்டு என்று சொன்னால், ரெண்டு என்ன என்று கேட்பவன் கத்துக்குட்டி. கேட்டதைக் கொடு என்றாள் சத்யபாமா. கொடுக்கத்தான் வாயைத் திறந்தார். பழக்கம் முந்திக்கொண்டது.

"போணிங்கறீங்க. ஒண்ணு போட்டுக்கங்க."

"சரி."

உடனே. கட்டுப்படியாகாது என்ற முனகல் இல்லை. போய்ட்டு வாங்க என்ற வீறாப்பு இல்லை. சொன்ன விலைக்கு உடனே சரி என்றால் எங்கோ கோளாறு. அதைத் தெரிந்துகொள்ளத்தானே அவர் இத்தனை வருஷம் சந்தையில் நின்றார். ஒண்ணுல முடிச்சிட்டேன் என்ற பையனின் சிரிப்புக் குரல் காதுக்குள் கேட்டது.

உதயசூரியன் எழுந்தான். அவர் பக்கம் திரும்பாமல், சுவரோரமாகவே நடந்து தெருவில் இறங்கினான். வீட்டுப் பக்கம்தான் போனான்.

ஒரு நாற்காலி காலியானது.

அவர் பணப்பையைத் திறந்தார். அவள் அதைப் பார்க்கவேயில்லை. அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்தாள். ஈரமான, குளிர்ந்த பிடி.

"பணம் இந்தாங்க, அமா. ஒண்ணு."

"ஒண்ணுதான் எடுக்கறேன்" என்றாள்.

முதல் மேசைக்கு இழுத்துப் போனாள். யாங்கோனில் எந்தக் கடையிலும் போணிக்கு வந்த நோட்டை அப்படியே கல்லாவில் போடமாட்டார்கள். அந்த நோட்டால் சரக்கையெல்லாம் ஒரு தட்டு தட்டுவார்கள். மீன்காரி மீனைத் தட்டுவாள். துணிக்காரி துணியைத் தட்டுவாள். போணி ராசி மற்றதற்கும் ஒட்ட வேண்டும்.

அவருடைய கையை எடுத்து முதல் தலைமேல் தட்டினாள்.

பொத்.

அடுத்த தலை. பொத். மெத்தென்று உள்வாங்கியது. கையை இழுத்தார், வரவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் விரல்கள் வெளுத்தன. ரேகை போயிற்று. நகம் போயிற்று.

தட்டு வாங்கிய தலைகள் ஒவ்வொன்றாக அவர் பக்கம் திரும்பின. கண் இல்லை, மூக்கு இல்லை. நடுவில் சுருட்டி மூடிய மடிப்பு மட்டும்.

வெளியே போனபோது உதயாவும் முகத்தைக் காட்டவில்லை.

செல்போன் அதிர்ந்தது. இடது கை இன்னும் அவருடையதாக இருந்தது. எடுத்தார்.

"என்னங்க, தம்பி வந்துட்டான்." சத்யபாமா அழுதுகொண்டே சிரித்தாள். "வாசல்ல முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறான். திரும்புடான்னா திரும்ப மாட்டேங்கறான். இருங்க, நானே போய்..."

கதவைத் திறக்காதே.

சொல்ல வாயைத் திறந்தார். உதடுகள் நடுவை நோக்கி இழுபட்டன. ஒரு மடிப்பு. இன்னொரு மடிப்பு. போனில் தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்டது. கல்லாப் பெண் காலி நாற்காலியைச் சுவர் பக்கமாகத் திருப்பிப் போட்டுவிட்டு, குச்சியைச் சிவப்பில் தொட்டாள்.