இரண்டாம் ஓலை

தனக்குப் பின்னால் யாரும் இல்லை என்பது அருட்பிரகாசத்துக்கு நன்றாகத் தெரியும். கடைசி ஆளாக நான் வருகிறேன் என்று கேட்டு வாங்கி நின்றவனே அவன்தான். அப்படியிருக்க, புதைமேட்டைச் சுற்றி இறங்கும்போது அவனுடைய தோள்பைப் பட்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்தார்கள். இழுக்கவில்லை. இருட்டில் வழி தவறாமலிருக்க முன்னால் போகிறவனைப் பிடிப்பார்களே, அவ்வளவுதான்.

திரும்பிப் பார்த்தான். ஈரப் புல்லும், அதற்கப்பால் இலை கொட்டிய மரங்களும், மரங்களுக்கு மேலே லண்டன் நகரத்தின் மஞ்சள் வெளிச்சம் படிந்த மேகமும்தான் தெரிந்தன. பற்றை முள் ஏதாவது கொழுவியிருக்கும் என்று பட்டியைத் தடவினான். முள் எதுவும் இல்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆத்துமாக்கள் திருநாள் சனிக்கிழமையில் வந்தது. ஹவுன்ஸ்லோத் தமிழ்ச் சபையில் இருபத்திரண்டு பேர் கோச் பஸ் பிடித்து, நகரத்தின் தென்கிழக்கு ஓரத்துக் காட்டுக்கு வந்திருந்தார்கள். முதலில் மூவாயிரம் வருடத்துக்கு முந்திய புதைமேட்டைப் பார்ப்பது, பிறகு பழைய துறவிகள் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து செய்த கோயிலில் மரித்தவர்களுக்காகப் பூசை என்பது ஏற்பாடு. வழிகாட்ட வந்த வெள்ளைக்காரக் கிழவர் ரோச் லைற் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் கையில் ஒரு அரிக்கன் லாம்பு. மற்றவர்கள் முன்னால் போகிறவரின் பைப்பட்டியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும்.

அதைக் கேட்டதும்தான் அருட்பிரகாசம் கடைசியில் போய் நின்றான். ஆறு வருடத்துக்கு முன் போலந்துக் காட்டில், களவாக எல்லை கடத்திய ஏஜென்சிக்காரனும் இதையேதான் சொன்னான்.

"மாப்பிள்ளை கடைசியிலை நிண்டால் பொம்பிளையை ஆர் பிடிக்கிறது?" என்று டொலறஸ் அக்கா சத்தம் போட்டா. சபையில் யாருக்குக் கலியாணம் என்றாலும் தலைகால் தெரியாமல் ஓடித்திரிகிற மனுசி. "மெற்றில்டா, நீ போய் அவருக்கு முன்னாலை நில்லு. இப்பவே இழுத்துப் பழகு!"

எல்லோரும் சிரித்தார்கள். மெற்றில்டா வெட்கத்தோடு வந்து அவனுக்கு முன்னால் நின்று கைப்பையின் பட்டியை நீட்டினாள். "பிடியுங்கோ பிரகாசம்," என்றாள். அவன் பிடித்தான். அவள் லண்டன் வந்த நாளிலிருந்து அவள் முகத்தை நேரே பார்க்கும் துணிவு அவனுக்கு இல்லை.

மனிதன் பொய் சொல்வான், அது உலகத்தில் இல்லாத காரியமல்ல. இவன் சொன்ன பொய்க்கோ சிலுவை வேறு நட்டிருந்தான். மெற்றில்டாவின் புருசன் பெனடிக்ற் என்னோடு வந்த வழியில் காய்ச்சல் வந்து செத்துவிட்டான், நானே குழி வெட்டிப் புதைத்து இரண்டு தடியால் சிலுவை செய்து நட்டேன் என்று மன்னாருக்கு ரெலிபோனில் அழுதழுது சொன்னான். அவள் வெள்ளைச் சேலை உடுத்தாள். மூன்று வருடம் கழித்து அவளும் லண்டன் வந்தாள். தனிமை, குளிர், ஆளுக்கொரு ஷிப்ட். ஒருநாள் சபையே கூடி இருவரையும் சேர்த்து வைக்கலாம் என்றது. கைம்பெண்ணுக்குக் கோயிலில் கலியாணம் செய்ய, புருசன் இறந்ததற்குச் சாட்சி வேண்டும். வேதாகமத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தவன் அருட்பிரகாசம்தான்.

கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் வாய் திறக்க வேண்டும். முதல் ஓலை போன கிழமை முடிந்தது. சனி மாலைப் பூசையும் ஞாயிறுக் கணக்குத்தான் என்பதால், இரண்டாம் ஓலை இன்றைக்கு. தடையை அறிந்தவன் உலகத்தில் ஒருவன்தான், அவனே மாப்பிள்ளை. சீ, என்ன பிறவி நான் என்று அவன் தன்னையே காறித் துப்பாத நாளில்லை. சொல்லிவிட்டால் அவளை இழக்க வேண்டும். சொல்லாவிட்டால், எங்கேயோ உயிரோடு இருக்கக்கூடிய ஒருவனின் பெண்சாதியோடு குடும்பம் நடத்த வேண்டும்.

பாறை வாய்க்குள் நுழைந்ததும் காற்று நின்றுபோனது. ஈரச் சுண்ணாம்பின் மணமும் மண்ணெண்ணெய்ப் புகையும் தொண்டையில் ஒட்டிக்கொள்ள, முன்னால் வெகு தூரத்தில் லாம்பு வளைவுக்கு வளைவு மறைந்து மறைந்து தெரிய, இருபத்திரண்டு பேருடைய கால் உராயும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி, யார் முன்னால் யார் பின்னால் என்று தெரியாதபடி குழம்பியது. அவனுடைய தோள்பைப் பட்டி மறுபடி இறுகியது.

இந்த முறை விடவில்லை.

அவன் வேகமாக நடந்தால் இறுகியது. மெதுவாக நடந்தால் தளர்ந்தது. பிடித்திருப்பவர் சீராக நடக்கவில்லை. ஓர் அடி, பிறகு ஓர் இழுப்பு. மறுபடி ஓர் அடி, ஓர் இழுப்பு. கணுக்கால் பிசகியவன் முன்னால் போகிறவனில் பாரத்தைப் போட்டு நடப்பது போல. அந்தப் பாரம் அருட்பிரகாசத்தின் தோளுக்குப் பழக்கமானது. பெனடிக்ற்றின் கால் அன்றைக்குப் போலந்துக் காட்டில் பனிக்குள் இருந்த வேரில் மடங்கியது. நிற்க ஏலாது, ஓடுங்கோ என்று ஏஜென்சிக்காரன் கத்தினான். பெனடிக்ற் பட்டியை விடவில்லை. அருட்பிரகாசம்தான் அவன் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

கோயில் என்பது ஓர் அறைதான். பாறையிலேயே செதுக்கிய பீடம், பீடத்தில் ஆறு மெழுகுதிரி. அருட்பிரகாசம் கடைசி வரிசையில் நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்த மூச்சு பட்டது. கூட வந்த பங்குச் சுவாமி மரித்தவர்களின் பெயர்ப் பட்டியலை வாசித்தார்.

"சவிரிமுத்து பெனடிக்ற்."

பட்டி ஒருமுறை சுண்டியது. கூப்பிட்டால் ஆள் நிமிர்வது போல.

நித்திய இளைப்பாற்றிக்காக எல்லோரும் மன்றாடினார்கள். உயிரோடு விட்டவனுக்கு ஆறாவது வருடமாக இறந்தோர் செபம். மெற்றில்டாவின் குரல் தனியாகக் கேட்டது. அருட்பிரகாசத்துக்குக் கூனிக் குறுகி அந்தப் பாறைக்குள்ளேயே புகுந்துவிடலாம் போலிருந்தது.

பூசை முடிவில் சுவாமி மற்றத் தாளை எடுத்தார். மாப்பிள்ளையின் பெயர், பெண்ணின் பெயர். இரண்டாம் ஓலை. தடை தெரிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள். டொலறஸ் அக்கா திரும்பி அவனைப் பார்த்துக் கண் சிமிட்டினா. பிறகு அவனுக்குப் பின்னால் பார்த்தா. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

வழிகாட்டிக் கிழவர் எழுந்தார். வருகிற எல்லாக் கூட்டத்துக்கும் இதைக் காட்டுவேன், துறவிகள் எந்த இருட்டில் படுத்தார்கள் என்று பாருங்கள், ஒரு நிமிடம்தான் என்றார். திரிகளை அணைத்தார். லாம்பையும் ஊதினார்.

இருட்டு.

நீர் சொட்டியது.

பட்டியிலிருந்து விரல்கள் தோளுக்கு வந்தன. ஒவ்வொன்றாக. முதலில் ஒன்று. பிறகு ஒன்று. ஐந்தும்.

"நான் புதைக்கேல்லை!" அருட்பிரகாசத்தின் குரல் அறை முழுக்க மோதியது. "மெற்றில்டா, நான் பொய் சொன்னனான். அவன் சாகேல்லை. கால் பிசகினதாலை காட்டிலை விட்டிட்டு வந்தனான். உயிரோடை. பிரகாசம், பிரகாசம் எண்டு கூப்பிட்டவன். நான் திரும்பிப் பாக்கேல்லை. ஐயோ, என்னை மன்னியுங்கோ!"

எல்லாம் சொல்லியாயிற்று. ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைச் சொல்ல அவனுக்கு அப்போதும் நா எழவில்லை.

நெருப்புக்குச்சி உரசியது. லாம்பு பற்றியது.

இருபத்தொரு முகங்களும் அவன் பக்கம் திரும்பியிருந்தன. ஆனால் ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. சுவாமியின் கை பாதிச் சிலுவை அடையாளத்தில் நின்றது. மெற்றில்டா மட்டும் ஒரு அடி எடுத்து வைத்தாள். அவள் கண் அவன் தோளுக்கு மேலே போயிருந்தது. அவள் முகத்தில் பயமில்லை. வேலையால் பிந்தி வந்த புருசனைப் பார்க்கிற முகம்.

"இஞ்சேருங்கோ," என்றாள் மெல்ல. அது பெண்சாதி புருசனைக் கூப்பிடுகிற சொல். அருட்பிரகாசத்தை அவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஏன் வெறுங்காலோடை வந்தனீங்கள்? உங்கட சப்பாத்து எங்கை?"

அன்றைக்கு அருட்பிரகாசத்தின் சப்பாத்து பிய்ந்திருந்தது. பெனடிக்ற்றின் சப்பாத்து புதிது. நடக்க ஏலாதவனுக்கு அது எதற்கு என்று, விரல்களைக் கழற்றிய கையோடு அதையும் கழற்றிக்கொண்டு ஓடிவந்தான். இதை அவன் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

அவன் குனிந்து பார்த்தான். வெள்ளைத் தரையில் அவனுடைய இரண்டு கால்கள். அவற்றுக்கு நடுவில், பின்னாலிருந்து நீட்டியபடி, கறுத்துப்போன இரண்டு வெறும் பாதங்கள். விரல் இடுக்குகளில் பனி. இன்னும் உருகவில்லை.