ஓரிக்கை ஷெட்டில் ஒரு ஜப்பான் கார்

வத்ஸலா டீச்சர் கையில் ஒரு பாஸ்போர்ட்டும் நீல அட்டை போட்ட நோட்டும் இருந்தன. இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டு, உட்காராமலே பேச ஆரம்பித்தாள்.

"என் தம்பி பாச்சா போன புதன்கிழமை தவறிப்போயிட்டான் ஸார். காருக்கு அடியில படுத்து வேலை பண்றச்சே ஜாக்கி நழுவிடுத்து, கவனக்குறைவுன்னு போலீஸ்ல எழுதிட்டா. அவன் அப்படிப்பட்டவன் இல்லை."

கலியாணசுந்தரம் முப்பது வருஷம் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய காஞ்சிபுரத்தில் அவரை இன்னமும் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றுதான் சொல்வார்கள். விபத்து வண்டியைப் பார்த்துக் காரணம் சொல்வதில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அவர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி மங்கையர்க்கரசி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டாள். இந்த மாதிரி விஷயம் வீட்டு வாசலுக்கு வந்தால் அவளுக்கு அடுப்பு வேலை மறந்துவிடும்.

"உக்காருமா. மொதல்லேந்து சொல்லு" என்றாள்.

பாச்சா, பட்டுக்கடை தேவேந்திரன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் தேஜஸ், மூவரும் பள்ளிக்கூடத் தோழர்கள். கார் என்றால் மூவருக்கும் பைத்தியம். தூதரக ஏலத்தில் வந்த பழைய ஜப்பான் கார் ஒன்றைச் சேர்ந்து வாங்கி, ஓரிக்கையில் ஒரு ஷெட் பிடித்து வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு சாவி. அடுத்த மாதம், 2004 ஜனவரியில், டோக்கியோ பக்கத்தில் நடக்கும் கார் கண்காட்சிக்கு மூவரும் கிளம்புவதாக இருந்தது.

பாச்சாவின் நீல நோட்டைக் கலியாணசுந்தரம் புரட்டினார். எந்த ரயில், எந்த நாள் எந்த அரங்கு, எந்தக் காரின் எஞ்சினை எந்தக் கோணத்தில் படமெடுக்க வேண்டும் என்பதுவரை பொடி எழுத்தில் இருந்தது. கடைசிப் பக்கத்தில், 'புளிக்காய்ச்சல், மூன்று பேருக்கு, பத்து நாள்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தான்.

"ஆறு வருஷக் கனவு ஸார். ஆனா அன்னிக்குக் கார்த்தால எட்டரைக்கு ஸ்கூலுக்குப் போன் பண்ணினான். 'அக்கா, நாங்க ஜப்பான் போகப் போறதில்லை. சாயங்காலம் வந்து சொல்றேன்'னான். குரலே சரியில்லை." வத்ஸலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொண்ணு. பாட்டரி ஒயரைக் கழட்டாம அவன் காருக்கடியில போகவே மாட்டான். மறுபடி மாட்டினா மொதல் வேலையா கார் கடியாரத்தைத் திருத்தி வெப்பான். தப்பான நேரம் காட்டினா அவனுக்குப் பொறுக்காது."

கலியாணசுந்தரம் சட்டையை மாட்டிக்கொண்டார். "ஷெட்டைப் பாக்கலாமா?"

ஸ்டேஷனில் சொல்லிச் சாவி வாங்கிக்கொண்டு போனார்கள். ஓரிக்கையில் தகரக் கூரை போட்ட ஷெட்டுக்குள் பகலிலும் இருட்டாகத்தான் இருந்தது. கார் நான்கு சக்கரத்திலும் நின்றது. தரையில் கறையைச் சாம்பல் போட்டு மூடியிருந்தார்கள். வத்ஸலா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பக்கத்து ரைஸ் மில்காரர் வந்தார். "புதன்கிழம ஒம்பது மணிக்குக் கரன்ட் கட்டுங்க, மாசாமாசம் பண்றதுதான். மிசின் நின்னதும் தொம்முனு ஒரு சத்தம் கேட்டுது. எங்க ஆளு மூட்டையைப் போட்டுட்டான்னு நெனச்சிக்கினு இருந்துட்டேன். பதினோரு மணிக்குக் கரன்ட் வந்தப்புறம் இந்தப் பக்கம் வந்தா, காலு மட்டும் தெரியுது. ஆறு பேரு சேந்து கையாலயே வண்டியைத் தூக்கினோம்."

"ஜாக்கியைத் தொட்டீங்களா?"

"இல்லீங்க. போலீசும் தொடல. மத்தியானமே பூட்டு போட்டுட்டாங்க."

கலியாணசுந்தரம் ஜாக்கி அருகில் குந்தி அதன் வால்வை உற்றுப் பார்த்தார். பிறகு பானெட்டைத் திறந்து பாட்டரி ஒயரை ஒரு விரலால் அசைத்தார். அது பொருத்தியிருந்தது, ஆனால் முடுக்கவில்லை. காருக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். கடிகாரம் 7.50 காட்டியது. அவர் கைக்கடிகாரத்தில் மணி நாலு இருபது. சிகரெட் லைட்டர் துளையில் சொருகிய ஒரு கைவிளக்கின் ஒயர் கதவு வழியாகப் பின்பக்கம் போய்க் கிடந்தது. பாச்சாவின் டார்ச் நசுங்கிப்போய் மூலையில் இருந்தது.

கடைசியாகப் பின் சக்கரத்துக்கு அருகில் தரையில் படுத்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்தபோது அவர் விரலிடுக்கில் ஒரு நூல் இருந்தது. கிரீஸில் ஊறி, தார் மாதிரி கறுத்திருந்தது.

"ஆக்ஸில்ல துணி சுத்தியிருந்திருக்குது. கத்தியால அறுத்து எடுத்திருக்காங்க. அறுத்த தடம் புதுசு."

மங்கையர்க்கரசிக்குச் சுரீரென்றது. அவள் தினமும் இரண்டு பேப்பர் ஒரு வரி விடாமல் படிப்பவள். "இன்னாங்க, அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழம தாமல் ஏரிக்கரை ரோட்டுல ஒரு பொம்பளையை வண்டி அடிச்சி இழுத்துக்கினு போச்சே. ஜெயம்மாள்னு பேரு. எந்த வண்டின்னே தெரியலன்னு போட்டிருந்தான்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு நூலை ஒரு காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை சின்ன காஞ்சிபுரத்தில் வத்ஸலா வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். டிக்கெட்டை என்ன செய்வது என்று பேசலாம் என்று சொல்லித்தான் நண்பர்கள் இருவரையும் வத்ஸலா அழைத்திருந்தாள். தேஜஸ் முகம் வீங்கியிருந்தது. தேவேந்திரன் வெள்ளைச் சட்டையில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். வாசலருகே மப்டியில் இருந்தவரைச் சொந்தக்காரர் என்றே இருவரும் நினைத்தார்கள். அவர் தாலுகா ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர்.

"புதன்கிழமை காலைல நீங்க ரெண்டு பேரும் எங்க இருந்தீங்க?" என்று கலியாணசுந்தரம் சாதாரணமாகக் கேட்டார்.

"விசா விஷயமா சென்னை போயிருந்தேன் அங்கிள். ஏழு மணி பஸ்" என்றான் தேஜஸ்.

"கடையிலதான் சார் இருந்தேன்" என்றான் தேவேந்திரன்.

"சரி, எனக்கு ஒரு சந்தேகம்." காகிதத்தைப் பிரித்து, கறுத்த நூலை நீட்டினார். "காருக்கடியில கெடந்துது. இது இன்ன நூல்னு தெரியுமா?"

தேஜஸ் தலையை ஆட்டினான். "துணி பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது அங்கிள்."

தேவேந்திரன் வாங்கி, கட்டைவிரலால் உருட்டிப் பார்த்தான். "பட்டு இல்ல சார். சாதா மஞ்ச நூலு. எங்கனா வேஸ்ட் துணியில வந்திருக்கும்."

கலியாணசுந்தரம் நூலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மங்கையர்க்கரசி அவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் குரல் இறங்கியிருந்தது.

"பாச்சா கவனக்குறைவால சாகல. ஜாக்கி நழுவல. அதோட வால்வைத் திருகி எறக்கியிருக்காங்க. அடியில படுத்திருக்கிறவன் கை அந்த வால்வுக்கு எட்டாது. மில் நின்னதும் சத்தம் கேட்டிருக்குது. அப்ப மணி ஒம்பது."

அவர் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"அந்தக் கார்ல பாட்டரியைக் கழட்டி மாட்டினா கடியாரம் ஒரு மணியிலேருந்து ஓட ஆரம்பிக்கும். நேத்து அது என் வாட்சைவிட மூணரை மணி நேரம் முன்னால ஓடிக்கினு இருந்துது. அப்படின்னா ஒயரை மாட்டினது ஒம்பதரைக்கு. ராத்திரி ஒம்பதரையா இருக்க முடியாது, மத்தியானமே சீல் வெச்சாச்சு. காலை ஒம்பதரைக்குப் பாச்சா செத்து அரை மணி நேரம் ஆயிருந்துது. அவன் மாட்டியிருந்தா முடுக்கியிருப்பான், கடியாரத்தையும் திருத்தியிருப்பான்."

"வேற யாரு மாட்டணும் அங்கிள்? எதுக்கு?" என்றான் தேஜஸ்.

"வெளிச்சத்துக்கு. கரன்ட் இல்ல, டார்ச் நசுங்கிப்போச்சு. ஆக்ஸில்ல சுத்தின துணியை அறுத்து எடுக்கணும். அதுக்குக் கார் வெளக்கு வேணும், கார் வெளக்குக்குப் பாட்டரி வேணும். அது தாமல் ரோட்டுல செத்துப்போன ஜெயம்மாளோட புடவை. அதைத்தான் பாச்சா கண்டுபிடிச்சான்."

அவர் ஒரு கிண்ணத்தில் இருந்த பெட்ரோலில் நூலைப் போட்டுக் குச்சியால் அலசினார். கறுப்பு கரைந்து இறங்கியது. மெல்ல மெல்ல மஞ்சள் தெரிந்தது.

"பட்டா நூலான்னு உங்க தொழில்காரங்க வெரலு சொல்லும், தேவேந்திரன். நெறத்தை வெரலு சொல்லாது. தார் மாதிரி இருந்த நூலை மஞ்சள்னு எப்படிச் சொன்ன?"

தேவேந்திரன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, யாருக்கோ விலை சொல்கிற குரலில் பேசினான்.

"அந்தம்மா ஓரமாத்தான் போய்க்கினு இருந்துது. நான்தான் பக்கத்து சீட்டுல இருந்த கேமராவை எடுக்கக் குனிஞ்சேன். வண்டியை நிறுத்திப் பாத்தேன். கைய அசைச்சுது. போயிட்டேன்." கிண்ணத்தைச் சற்றுத் தள்ளி வைத்தான். "பாச்சா துணியைப் பாத்துட்டுக் காலைல என்னைக் கூப்புட்டான். ஸ்டேஷனுக்கு வா, நானும் கூட வரேன்னான். கேஸ் ஆனா பாஸ்போர்ட் போயிடும், ஜப்பான் போய் வந்தப்புறம் பாத்துக்கலாம்டான்னு கெஞ்சினேன். ஒத்துக்கல. வேலை முடிச்சி முட்டுக்கட்டையெல்லாம் எடுத்துட்டான். எங்கடா இருக்குது, இன்னொரு தபா காட்டுன்னேன். காட்றதுக்குத்தான் உள்ள போனான்."

வத்ஸலா எழுந்து உள்ளே போனாள். தேஜஸ் சுவரோடு சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டான். இன்ஸ்பெக்டர் தேவேந்திரனின் தோளைத் தொட்டார். அவன் வாசலில் செருப்பு மாட்டும்போது கால் இரண்டு முறை தவறியதை மங்கையர்க்கரசி பார்த்தாள். நேற்று வரையில் இந்த வேலை அவளுக்கு ஒரு விறுவிறுப்பாக இருந்தது. இப்போது அது போய்விட்டது; எழுந்து வத்ஸலாவைத் தேடி உள்ளே போனாள்.

அன்று பிற்பகல் கலியாணசுந்தரமும் மங்கையர்க்கரசியும் வத்ஸலாவும் தாமலுக்குப் போனார்கள். வத்ஸலாதான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். ஜெயம்மாளின் மகள் கிருஷ்ணவேணி தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தாள். கலியாணசுந்தரம் நடந்ததைச் சொன்னார். எதையும் குறைக்கவில்லை, கை அசைந்ததைக்கூட.

கிருஷ்ணவேணி அழவில்லை. தறியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாரும் அம்மா குறுக்க ஓடிச்சுன்னு சொன்னாங்க. நானும் அதான் நெனச்சேன். ஒம்பது நாளா தறியில உக்காந்தா, பாத்துப் போவக்கூடாதா, பாத்துப் போவக்கூடாதான்னு திட்டிக்கினே இருந்தேன்." புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தினாள். "ஓரமாத்தான் போச்சா?"

"ஓரமாத்தான் போனாங்க" என்றாள் மங்கையர்க்கரசி.

கிருஷ்ணவேணி தலையசைத்தாள். பிறகு வத்ஸலா பக்கம் திரும்பினாள்.

"உங்க தம்பி பேரு இன்னாமா?"

"பார்த்தசாரதி. பாச்சான்னு கூப்பிடுவோம்."

கிருஷ்ணவேணி அந்தப் பெயரை மெல்ல, மறக்காமல் இருப்பதற்காக, இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.