ஈரம் காயாத கல்லச்சு

ட்ரிங்... ட்ரிங்...!

ஏலக் கம்பெனியின் மதிப்பீட்டு அறையில் ஃபோன் அலறியது. எடுத்தவள் ஓவியங்களுக்கு விலை சொல்லும் மதிப்பீட்டாளர். ஆபீஸ் அவளுக்கு வைத்த பெயர், பூதக்கண்ணாடி!

"நாளைக்குத் தீர்ப்பு" என்றார் வக்கீல். "உங்க தம்பிக்கு ஆயுள் தண்டனைதான் வரும்போல இருக்கும்மா..."



தம்பி ஒரு சிற்பியிடம் அச்சு மெஷின் ஓட்டியவன். போன வருஷம் இரண்டு பேரும் படகில் போனார்கள். தம்பி மட்டும் திரும்பினான்; சிற்பியின் உடல்கூடக் கிடைக்கவில்லை. 'சார் தானா குதிச்சாரு' என்று அவன் கதறியதை ஒருத்தரும் நம்பவில்லை.

கதவு திறந்தது. உள்ளே வந்தது... அந்தச் சிற்பியின் மனைவி!

"லைன்லயே இருங்க சார்" என்று கிசுகிசுத்து, ரிசீவரை ஃபைல்களுக்கு நடுவே படுக்க வைத்தாள்.

வந்தவளுக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அழுபவளை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

பின்னாலேயே தாடியும் தொப்பியுமாக டிரைவர். இடது கையாலேயே மேஜையில் படத்தை விரித்தான்.

"என் வீட்டுக்காரர் கல்லுல வரைஞ்சு அச்செடுத்த லித்தோகிராஃப். அஞ்சு வருஷத்துக்கு முந்தினது. அவர் போனப்புறம் விலை ஏறிடுச்சாமே?"

"ஏறாம? ஆகாசத்துல நிக்குது!"

பூதக்கண்ணாடி குனிந்தாள். மூன்று கோணல் வட்டங்கள், நடுவில் ஓர் ஓட்டை. நவீனம்!

கீழே பென்சில் கையெழுத்து. பக்கத்தில் பெருவிரல் ரேகை. களிமண்ணில் விரல் பதிக்காமல் எந்தச் சிலையையும் வெளியே விடாத மனுஷன், அச்சிலும் அதையே செய்வார். ரேகையின் குறுக்கே பழைய உளிக்காயம். ஆபீஸில் இருந்த அவருடைய இன்னொரு அச்சோடு ஒப்பிட்டாள். அச்சு அசல் அதே விரல்!

பிறகு, ஓரத்துக் கறுப்பைப் பஞ்சால் லேசாக ஒற்றினாள்.

பஞ்சு கறுத்தது!

அஞ்சு வருஷ மை ஒட்டுமா? இது போன வாரம் அடித்த அச்சு! அப்படியென்றால்... போன வருஷம் செத்தவர், போன வாரம் ரேகை வைத்திருக்கிறார்!



"பார்த்தும்மா! கசங்கிடப் போகுது!" டிரைவர் பதறினான்.

டிரைவருக்கு எதற்கு இத்தனை பதற்றம்? அவனுடைய வலது கை மட்டும் ஏன் பாக்கெட்டை விட்டு வரவே இல்லை?

சரி, சீண்டிப் பார்க்கலாம்.

"சாரி மேடம். இது போலி."

"என்னது?!"

"கோட்டுல உயிரே இல்லையே! வட்டத்தைப் பாருங்க, போடத் தெரியாம போட்டிருக்கான்."

டிரைவரின் காது சிவந்தது.

"யாரோ கத்துக்குட்டி! விரல் நடுங்கியிருக்கு பாருங்க..."

"என்னங்க, சும்மா இருங்க!" மனைவி பல்லைக் கடித்தாள்.

"எப்படிடீ இருக்கிறது?!" தொப்பி பறந்தது. "நானா கத்துக்குட்டி? முப்பது வருஷமா உளி பிடிச்ச கைம்மா இது! இந்தா என் கட்டைவிரல், வெச்சுப் பாரு!"

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஃபைல்களுக்குள்ளிருந்து வக்கீல் கத்தினார். "கேட்டுச்சும்மா! கதவைப் பூட்டுங்க! போலீஸோட வர்றேன்!"

பூட்டினாள். தம்பி பிழைத்தான் என்ற நினைப்பில் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

சிற்பி நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

"அது கிடக்கட்டும்மா... நிஜமா சொல்லு. படம் என்ன விலைக்குப் போகும்?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"செத்தவருக்குன்னா நல்ல விலை சார்! இப்படி உயிரோட வந்து நின்னு பாதியைக் கெடுத்துக்கிட்டீங்களே!"